மேசை எதைக் குறிக்கிறது?

இல்லற மோதல் ஆய்வு நிலையத்துக்குள் குடை, பை, கைக்குழந்தை எதை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். சொந்தக் கதையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். வாசலிலேயே அதற்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'இங்கு சொந்தக் கதை பேசக் கூடாது.' அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், 'மீறுவோரின் மனு மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்படும்.'

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். மனைவி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுப் போட்டவள் அவள்தான். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அறியாதவள், ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே பிரிவு கேட்டு மனுவும் வந்து சேர்ந்தது. மெக்கானிக் ஆடிப்போய்விட்டார்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்? குடிக்கிறேனா, அடிக்கிறேனா, சம்பளத்தை வீட்ல கொடுக்காம இருக்கேனா?" என்று அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

"இல்ல."

"பின்ன என்னதான் காரணம்?"

"தெரியலையா?"

"தெரியலையே."

"அதான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மனிதருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அவள் இல்லாமல் அந்த வீட்டில் அவரால் இருக்க முடியாது. எப்பாடு பட்டாவது அவளைத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் பிரிய நினைக்கிறவர்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். அங்கே இவர் ஒன்று சொல்வார், அவள் ஒன்று சொல்வாள், நீதிபதிக்குத் தலைவலி வரும். அரசாங்கத்துக்கு நீதிபதிகளின் தலைமேல் இருந்த அக்கறையால் பிறந்ததுதான் இந்த நிலையம். இங்கே யாரும் யாருடைய சண்டையையும் விசாரிக்க மாட்டார்கள். கணவன் மனைவி சண்டையைப் பற்றிய ஒரு சிறுகதையைக் கொடுப்பார்கள். இரண்டு பேரும் அதை ஆராய்ந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தேர்ச்சி பெற வேண்டும். மேற்கொண்டு ஆக வேண்டியதை நிலையம் பார்த்துக்கொள்ளும்.

இயக்குநர் தம்பதியை உட்காரவைத்துத் தொடக்க உரை ஆற்றினார். எதிரே இருப்பது இரண்டே பேர் என்றாலும் எழுந்து நின்றுதான் ஆற்றினார்.

"உங்க வீட்ல என்ன நடந்துதுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா எங்க நடுநிலைமை கெட்டுடும். கதை அப்படி இல்ல. அது அச்சுல இருக்கு, யாரும் மாத்திச் சொல்ல முடியாது. அடுத்த வீட்டுச் சண்டையே புரியாதவங்களுக்கு சொந்தச் சண்டையை முடிச்சுக்க என்ன தகுதி இருக்கு, சொல்லுங்க?"

"எல்லாருக்கும் ஒரே கதைதானுங்களா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"முன்னாடி நாலஞ்சு கதை வச்சிருந்தோம். ஜனங்க எனக்குப் பொருத்தமானதைக் கொடு, உனக்குப் பொருத்தமானதைக் கொடுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. பொருத்தம் பாத்துப் பாத்துத்தானே இங்க வந்து நிக்கறீங்க? அதனால ஒரே கதை ஆக்கிட்டோம்."

கதையின் பெயர் 'மேசை'. ஒன்றரைப் பக்கம்தான். கணவன் வேலைக்குப் போனதும் மனைவி சாப்பாட்டு மேசையை ஜன்னலோரமாக நகர்த்திவைக்கிறாள். சாயங்காலம் அவன் வருகிறான், ஒன்றும் பேசாமல் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போடுகிறான். மறுநாள் அவள் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுகிறாள். அவன் திரும்பவும் இழுக்கிறான். இப்படியே போகிறது. கடைசியில் ஒருநாள் காலை, மேசையை வாசல் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வேலைக்குப் போய்விடுகிறான். அத்தோடு கதை முடிந்தது.

மெக்கானிக்குக்குக் கதை பிடித்திருந்தது. அந்தக் கணவனை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

முதல் கேள்வியைக் கேட்டவர் குறியீட்டுப் பிரிவின் அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்த அம்மையார்.

"மேசை எதைக் குறிக்கிறது?"

"சாப்பாட்டு மேசைங்க" என்றார் மெக்கானிக்.

அம்மையார் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "மேசை மேசையைக் குறிக்காது. சுற்றறிக்கையிலேயே தெளிவா இருக்கு."

"அப்ப எதைங்க குறிக்கும்?"

"அதை நானே சொல்லிட்டா பரீட்சை எதுக்கு?"

அதே கேள்வி மனைவிக்கு வந்தது. அவள் கொஞ்சம் யோசித்து, "அந்த வீட்ல அவளுக்குன்னு ஒரு இடம் இல்லாததை" என்றாள். அம்மையார் விடைக்குறிப்பைப் புரட்டி, 'இடமின்மை' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து, திருப்தியோடு டிக் அடித்தார். மெக்கானிக் மனைவியை ஆச்சரியமாகப் பார்த்தார். இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அடுத்தவர் மௌனப் பிரிவின் அதிகாரி. கதைகளில் வரும் மௌனங்களைக் கவனிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஆள். மௌனம் எவ்வளவு ஆழமானது, அதன் வகைகள் யாவை, அதைப் பற்றி அவர் எந்தெந்த மேடைகளில் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறார் என்றெல்லாம் விளக்கி முடித்து, டம்ளரிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"இந்தக் கதையில எத்தனை மௌனம் இருக்கு?"

"யாருமே பேசலைங்களே. முழுக்க ஒரே மௌனம்தானே. அதை எப்படிங்க எண்றது?"

"மௌனம் மொத்தமா வராது தம்பி. சில்லறையாத்தான் வரும்" என்று அவர் மெக்கானிக்கின் பெயருக்கு எதிரே சுழி போட்டார். மனைவிக்கு இதிலும் நல்ல மார்க். அவள் தேர்ச்சி, இவர் தோல்வி. இருவரும் தேறினால்தான் கணக்கில் சேரும் என்பதால் வழக்கு அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வெளியே நடைபாதை பெஞ்சில் ஒரு ஜவுளிக்கடைக்காரரும் அவர் மனைவியும் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ வருஷமாகப் பரீட்சை எழுதித் தோற்றுக்கொண்டிருப்பவர்கள். தோற்றுத் தோற்றுப் பாடம் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டதால், மற்ற தம்பதிகளுக்கு அந்தப் பெஞ்சிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணவருக்குக் குறியீடு, மனைவிக்கு மௌனம்.

"முகத்தைத் தொங்கப்போடாதீங்க" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "உங்களுக்குப் பிரியணுமா, வேணாமா?"

"ஐயோ, வேணாங்க. அவளைக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் பாஸ் பண்ணணும்னு பாக்கறேன்."

ஜவுளிக்கடைக்காரரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, வெவரம் தெரியாத மனுஷனா இருக்கீங்களே! பாஸானா சேத்து வைப்பாங்கன்னா நெனச்சீங்க? பாஸானாத்தான் பிரிச்சு விடுவாங்க. ஃபெயிலானா வாய்தா. ஃபெயிலாகிக்கிட்டே இருந்தா உங்க சம்சாரம் சாகற வரைக்கும் உங்க சம்சாரம்தான்."

சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அந்த வட்டாரத்தில் பிரிந்த தம்பதிகள்: பூஜ்யம். பெரிய பூஜ்யம், தங்கநிற மையில். அந்தப் பக்கமாக வந்த இயக்குநர் மெக்கானிக் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"பாத்தீங்களா! இந்த நிலையம் வந்ததிலேருந்து ஒரு குடும்பம்கூட உடையல. மந்திரியே நேர்ல வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு."

"பாஸானவங்க எத்தனை பேருங்க?"

"அதுவும் பூஜ்யம்தான்" என்றார் இயக்குநர், குரலில் பெருமை ஒரு இம்மியும் குறையாமல்.

பெஞ்சில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒரு தெருவிலும் அவர் மனைவி வேறொரு தெருவிலும் குடியிருந்தார்கள் என்பதும், நிலையத்துக்கு வரும் நாளில் மட்டும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் என்பதும் வரைபடத்தில் வராது. உடையாத குடும்பம் என்ற கணக்கில் அவர்களும் அடக்கம்.

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தோற்பதா கஷ்டம்! அதுதான் அவருக்குத் தானாக வருகிறதே.

ஆனால் இரண்டாவது அமர்வில்தான் தெரிந்தது, வேண்டுமென்று தோற்பது எவ்வளவு பெரிய பாடு என்று. 'மேசை எதைக் குறிக்கிறது?' என்று அம்மையார் கேட்டதும், இருக்கிறதிலேயே பைத்தியக்காரத்தனமான பதிலாகச் சொல்லிவிடுவோம் என்று, "யானைங்க" என்றார்.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "யானை!" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நாலு கால். நகர்த்த முடியாத பாரம். வீட்டுக்குள்ள நிக்குது, யாரும் அதைப் பத்திப் பேசறதில்ல... அடடா! இந்தக் கோணத்துல இதுவரைக்கும் யாரும் யோசிக்கலையே." முழு மதிப்பெண் போட்டுவிட்டார்.

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த கேள்விக்கு ஜாக்கிரதையாக, "தெரியலைங்க" என்றார். மௌனப் பிரிவின் அதிகாரி எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "தெரியலைன்னு ஒத்துக்கறது இருக்கு பாருங்க, அது மௌனத்திலேயே உயர்ந்த ரகம்" என்று அவரும் ஒரு மதிப்பெண் போட்டார். இதென்னடா வம்பு! எதைச் சொன்னாலும் தேற்றிவிடுவார்கள் போலிருக்கிறதே. பிறகு வந்த கேள்விகளுக்கெல்லாம் "மேசைன்னா மேசைதாங்க" என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றுதான் மனிதர் ஒருவாறு தோல்விக்குப் பக்கமாகத் திரும்ப முடிந்தது.

அதன்பின் செய்முறைத் தேர்வு. கதையைத் தம்பதி நடித்துக் காட்ட வேண்டும். தேர்வு மேசை வாங்க விண்ணப்பித்து இன்னும் அனுமதி வராததால் இயக்குநரின் மேசையையே காலி செய்து போட்டார்கள். இயக்குநர் கோப்புகளையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி மேசையை ஜன்னலோரம் தள்ளினாள். மெக்கானிக் ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப இழுத்துப் போட்டார். அவள் அலமாரிப் பக்கம் தள்ளினாள். அவர் இழுத்துப் போட்டார். கடைசியில் அவள் அதைக் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டு நின்றாள். நின்றவள் அவர் முகத்தையே பார்த்தாள். மெக்கானிக் செருப்பைக் கையில் எடுத்தார், லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு, ஒரே எட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்.

அதிகாரிகள் மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"எத்தனையோ பேர் நடிச்சுப் பாத்திருக்கேன். இவ்வளவு இயல்பா ஒருத்தரும் தாண்டினதில்ல. அவ நிக்கறதையே கவனிக்காத மாதிரி தாண்டினீங்க பாருங்க, அடேயப்பா! நூத்துக்கு நூறு" என்றார் இயக்குநர்.

மெக்கானிக் வெட்கத்தோடு சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

மொத்தத்தில் கூட்டிப் பார்த்தபோது தேர்ச்சிக்குக் கொஞ்சம் குறைந்தது. நல்லவேளை! நிம்மதியாகப் படியிறங்கியவரை மனைவி நடுப்படியில் நிறுத்தினாள். மனுப் போட்ட பிறகு அவளாக வந்து பேசியது அதுதான் முதல்முறை.

"ஒண்ணு கேக்கணும். நீங்க வேணும்னே தப்பாச் சொல்றீங்களா, இல்ல நெசமாவே புரியலையா?"

மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேண்டுமென்றே சொல்கிறேன் என்றால் அவளைக் கட்டிப்போடப் பார்க்கிறார் என்றாகிவிடும். புரியவில்லை என்றால் அதைவிட மோசம். அவர் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து அலுவலக உதவியாளரின் சத்தம் கேட்டது.

"லிஃப்ட் நின்னுபோச்சு! இயக்குநர் ஐயா உள்ள மாட்டிக்கிட்டாரு!"

மெக்கானிக்கின் காலுக்கு அதற்குமேல் யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. "ஒரு நிமிஷம்மா" என்றபடி படிகளைத் தாவி ஏறிவிட்டார். கதவில் வாயை வைத்து, "சார், பதறாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். உங்களை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன். பேசிக்கிட்டே இருங்க, கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று தாலாட்டுகிற மாதிரிச் சொன்னார். இயக்குநருக்குப் பேசச் சொல்லித்தர வேண்டுமா என்ன? இருட்டுப் பெட்டிக்குள் நின்றபடியே நிலையத்தின் சாதனைகளை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவரை வெளியே எடுத்து, தூசியைத் தட்டிவிட்டு, கீழே வந்து பார்த்தால் படியில் யாரும் இல்லை.

அந்தக் காலிப் படியைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு எதுவோ சுருக்கென்றது. அங்கேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். அவள் நடுப்படியில் நின்றாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். மேலே மேசையையும் இப்படித்தான் தாண்டினேன், கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போய்க் காலியான ஹாலைப் பார்த்தார். பெட்டியைத் தூக்குவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் அவள் படுக்கையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்பதும் நினைவுக்கு வந்தது. வந்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ, என்ன மடையன் நான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். இரண்டு பேர் இருந்த வீட்டில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

மூன்றாவது அமர்வுக்கு அவர் போனபோது நடைபாதையில் ஜவுளிக்கடைக்காரர், "இன்னிக்கும் மேசைன்னா மேசைதான், ஞாபகம் இருக்கட்டும்" என்று எச்சரித்தார். மெக்கானிக் தலையை ஆட்டினாரே தவிர, உள்ளுக்குள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்ததைச் சொன்னால் தேற்றிவிடுவார்கள், அவள் போய்விடுவாள். சொல்லாமல் விட்டால் சட்டப்படி அவள் இவருடைய மனைவி, அக்கா வீட்டில் இருந்தபடியே, சாகிற வரைக்கும். அந்தப் பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார வேண்டியதுதான். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டும். புரிந்துவிட்டது என்பதாவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

"மேசை எதைக் குறிக்கிறது?"

மெக்கானிக் எழுந்து நின்றார்.

"அது ஒண்ணையும் குறிக்கலைங்க. அவ அதை எங்க வச்சாலும் ஒண்ணுதான். 'ஏம்மா நகர்த்தினே?'ன்னு அவன் ஒரு வார்த்தை கேக்கணும், அதுக்குத்தான் வச்சா. கேட்டிருந்தா அன்னிக்கே அவளே பழைய இடத்துல கொண்டுபோய்ப் போட்டிருப்பா. அவன் கெட்டவன் இல்லைங்க. அதுதான் கஷ்டம். கெட்டவனா இருந்தா அவளுக்கு நாலு பேர்கிட்டச் சொல்லிக்க ஒரு காரணமாவது இருந்திருக்கும். எங்க வீட்ல..."

இயக்குநர் மணியை ஓங்கி அடித்தார். "சொந்தக் கதை!"

"மன்னிச்சுக்குங்க சார். கதையைத்தான் சொல்றேன். கதையில வர்றவன்." மெக்கானிக்கின் குரல் கரகரத்தது. "ஒருநாள் அவ படுக்கையை எடுத்துக்கிட்டு ஹால்ல வந்து படுத்தா. அவன் பாத்தான். புழுக்கமா இருக்கும்போலன்னு நெனச்சு, ரூம்ல இருந்த ஃபேனைத் தூக்கிட்டு வந்து அவ பக்கத்துல வச்சான். நல்லது பண்ணிட்டதா நெனச்சுக்கிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கிட்டான். ஏன் இங்க வந்து படுத்தேன்னு கேக்கலைங்க. அவனுக்குக் கேக்கத் தோணவே இல்ல."

அறையில் சத்தமே இல்லை. மௌனப் பிரிவின் அதிகாரிகூட அதைக் கவனிக்கவில்லை. அவரும் அம்மையாரும் கதையை அவசர அவசரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கதையில ஃபேன் எங்க வருது?"

"என்கிட்ட இருக்கற பிரதியில இல்லையே."

"பழைய பதிப்புல இருக்குமோ?"

மனைவி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் கைகள் மட்டும் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தன.

இயக்குநர் தீர்ப்பை வாசித்தார். விடைக்குறிப்பில் இல்லாத பதிலுக்குச் சுழி. கதையில் இல்லாத மின்விசிறியைக் கதைக்குள் கொண்டுவந்ததற்காக, முன்பு பெற்ற மதிப்பெண்ணிலும் குறைப்பு. தோல்வி.

"இருங்க" என்று மனைவி எழுந்தாள். "அவருக்கு மார்க் போடுங்க."

"அம்மா, விடைக்குறிப்புல..."

"அவர் சொன்னது சரி. போடுங்க."

மெக்கானிக் பதறினார். "வேணாம் சார், போடாதீங்க! எனக்கு மார்க் வேணாம்!"

"நீங்க சும்மா இருங்க. மேடம், மேசை மேசையைக் குறிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப ஃபேன் மட்டும் எப்படி ஃபேனைக் குறிக்கும்? மேசையைத்தான் அவர் ஃபேன்னு சொல்றாரு. யானைக்குப் போட்டீங்க, ஃபேனுக்குப் போட மாட்டீங்களா?"

அம்மையாரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "அடடா" என்றார். "அடடா, அடடா. குறியீட்டுக்கே குறியீடு!" அவர் பேனா தானாக முழு மதிப்பெண்ணை எழுதியது. தன் பிரிவு பின்தங்கிவிடக் கூடாதே என்று மௌனப் பிரிவின் அதிகாரியும், அந்தக் கணவன் கேட்காமல் விட்ட கேள்விக்காக ஒரு பங்கு சேர்த்துப் போட்டார். கூட்டிப் பார்த்தார்கள். தேர்ச்சி.

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா" என்றார், இதுவரை யாரும் கேட்டிராத குரலில். "ஆண்டறிக்கை அச்சுக்குப் போயாச்சு. பூஜ்யம்னு போட்டாச்சு. இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் எதுவும் புரியாம பாத்துக்கிட்டோம், ஒரு குடும்பமும் உடையல. நீங்க ரெண்டு பேரும் இப்படித் திடீர்னு புரிஞ்சுக்கிட்டா நிலையத்தோட கதி என்ன? தம்பி, நீங்களாவது இன்னொரு தடவை தப்பாச் சொல்லுங்களேன்."

"நான் தயார் சார்" என்றார் மெக்கானிக். "மேசைன்னா மேசைதாங்க!"

"அவர் இன்னிக்கு முதல்ல சொன்னதுதான் பதில்" என்றாள் மனைவி. "அது சரின்னு எழுதிக் கொடுங்க."

வேறு வழியில்லை. எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் கையெழுத்திட்டால் பிரிவு நடைமுறைக்கு வரும் என்ற ஆணை, அரசு முத்திரையோடு, நிலையத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக வெளியே வந்தது. இயக்குநர் அதை ஒரு குழந்தையைத் தத்துக் கொடுப்பதுபோல் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

மெக்கானிக் சொன்ன பதில் பிற்பாடு விடைக்குறிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. 'மின்விசிறி: கேட்கப்படாத கேள்வி. இரண்டு மதிப்பெண்.' இப்போது அங்கே போகும் கணவன்மார்கள் எல்லோரும், "அவன் ஃபேனைத் தூக்கிட்டு வந்து வச்சான், கேக்கத் தோணவே இல்ல" என்று குரல் கரகரப்பது உட்படக் கடகடவென்று ஒப்பிக்கிறார்களாம். எங்கே கரகரக்க வேண்டும் என்பதை ஜவுளிக்கடைக்காரர் பெஞ்சில் சொல்லித்தருகிறாராம். பக்கத்தில் நிற்கும் மனைவிகளின் முகத்தை அவர்களில் யாரும் பார்ப்பதில்லை. அதற்கு மதிப்பெண் கிடையாது. அது எப்படியோ போகட்டும்.

அன்றைக்கு நிலையத்தின் வாசற்படியில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். இன்னும் கையெழுத்திடாத ஆணை அவள் கையில் இருந்தது.

"போராடி மார்க் வாங்கிக் கொடுத்து என்னைத் தொலைச்சுக் கட்டிட்டியே" என்றார் மெக்கானிக்.

"இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் ஒண்ணு சரியாச் சொன்னீங்க. அதைப் போய்த் தப்புன்னு சொன்னா எனக்குப் பொறுக்கல" என்றாள் அவள்.

அவர் படியில் உட்கார்ந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா ஹால்ல வந்து படுத்தே?"

கொஞ்சம் தள்ளி, அதே படியில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில என்னை முன்னாடியிருந்து எடுத்துட்டாங்க. வர்றவங்களுக்கு இளசான முகமா இருக்கணுமாம். பின்னாடி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாங்க. அன்னிக்கு உங்ககிட்டச் சொல்லலாம்னு வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. யாரோ ஒரு பொம்பளை, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவ. பயப்படாதீங்க, நான் இருக்கேன், மனசுல இருக்கறதைப் பேசுங்க, நான் கேக்கறேன்னு அவகிட்ட எவ்வளவு தன்மையாச் சொன்னீங்க தெரியுமா? சமையல்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். எனக்கும் எங்கயாவது ஒரு லிஃப்ட்ல போய் மாட்டிக்கணும்போல இருந்துது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போனை வச்சீங்க, சாப்பிட்டீங்க, படுத்தீங்க. உங்க பக்கத்துல படுத்துக்கிட்டுத் தனியா இருக்கறதுக்கு, தனியாவே படுத்துக்கிட்டுத் தனியா இருந்துடலாம்னு தோணுச்சு. வந்து படுத்தேன். நீங்க ஃபேனைக் கொண்டாந்து வச்சீங்க."

மெக்கானிக் சட்டென்று எழப் பார்த்தார். "நான் இப்பவே போய் அந்த டாக்டரை..."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உக்காருங்க. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்."

அவர் உட்கார்ந்துகொண்டார். அவள் சொல்லாமல் விட்டது இன்னும் ஏதாவது இருக்குமோ என்று கேட்டார். இருந்தது. நிறைய இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, உள்ளே ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தும் சத்தம் கேட்டது. அதிகாரிகள் இவர்களைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். உதவியாளர் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். அவள் சொல்லி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"அப்ப..." என்று மெக்கானிக் இழுத்தார்.

"அப்ப என்ன? முழுசாக் கேளுங்க."

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம வீட்டுக்கு வர்றியாம்மா?" என்று முழுசாகக் கேட்டார்.

அவள் கையிலிருந்த ஆணையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பதில் வரும்வரை அவரும் அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.